வாட்சில் ஆர்வமே இல்லாதவர்களைப் பழைய வாட்ச் மட்டும் ஏன் இழுக்கிறது?

ஓரத்து இருக்கை:

எனக்கு வாட்ச் பிடிக்காது என்று சொல்ல முடியாது. அதைப் பற்றிய நினைப்பே வராது என்பதுதான் சரி. நேரம் பார்க்கப் போன் இருக்கிறது. 300 மீட்டர் ஆழத்திலும் தண்ணீர் புகாது என்ற விளம்பரத்தைப் பார்த்தால், அங்கே போய் நான் என்ன செய்யப் போகிறேன் என்றுதான் தோன்றும். நண்பர்கள் புதிதாக வாங்கியதை நீட்டிக் காட்டினால் 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

ஆனால் 1950களிலோ 60களிலோ செய்த, சாவி கொடுக்கிற வாட்ச் ஒன்று கண்ணில் பட்டால் மட்டும் கை சும்மா இருப்பதில்லை. எடுத்துத் திருப்பிப் பார்க்கிறேன், காதில் வைத்துக் கேட்கிறேன், திருப்பிக் கொடுக்க மனசு வருவதில்லை. வாட்சே கட்டாத வேறு சிலரும் இதையேதான் சொல்கிறார்கள்.

ஏன் இப்படி? 'பழைய நினைப்பு' என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். அவை கடையில் இருந்த காலத்தில் நான் பிறக்கவேயில்லை. நினைத்து ஏங்க என்னிடம் ஒன்றும் இல்லை.

பல்சக்கரம்:

நான் சேகரிக்கிறவன், அதனால் என் பதில் ஒரு பக்கமாகச் சாயும். முதலில் எளிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்: அளவு. 1940, 50களில் ஆண்கள் கட்டிய வாட்ச் பெரும்பாலும் 32 முதல் 36 மில்லிமீட்டர் விட்டம்தான். இன்று 40, 42 எல்லாம் சர்வசாதாரணம். எண்ணிக்கையில் சின்ன வித்தியாசம், மணிக்கட்டில் பெரிய வித்தியாசம். பழையது சட்டைக்கையின் அடியில் அடங்கிக் கிடக்கும். புதியது நமக்கு முன்னால் போய்ப் பேச ஆரம்பித்துவிடும். வாட்சில் அக்கறை இல்லாத பலருக்கு உண்மையில் பிடிக்காதது அந்தப் பேச்சுதான் என்பது என் சந்தேகம்.

அப்புறம் டயல். பழையதில் கம்பெனி பெயர், மிஞ்சிப்போனால் '17 ஜுவல்ஸ்' (உள்ளே அச்சுகள் தேயாமலிருக்க வைத்த 17 கற்கள்). இப்போது வருவதில் எத்தனை மீட்டர், என்ன சான்றிதழ், எந்த வரிசை என்று நாலைந்து வரி.

சும்மா வந்தவன்:

> மிஞ்சிப்போனால் '17 ஜுவல்ஸ்'

அதுவும் அந்தக் காலத்து விளம்பரம்தான் ஐயா. கல் என்றதும் விலையுயர்ந்த மாணிக்கம் என்று நினைத்து வாங்கியவர்கள் எத்தனை பேரோ. செயற்கை மாணிக்கம் செய்யும் முறையைப் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுயி 1902லேயே வெளியிட்டுவிட்டார். அதற்கப்புறம் அந்தக் கற்களுக்குத் தனியாகப் பெரிய மதிப்பு எதுவும் கிடையாது.

பெரிய விஷயம் வேறு. நம் கைக்கு வருவது அன்று செய்ததெல்லாம் அல்ல, தப்பிப் பிழைத்தது மட்டும். ஸ்விட்சர்லாந்தில் கடிகாரம் செய்த ரோஸ்கோப் 1867இல் தொழிலாளிகளும் வாங்கக்கூடிய எளிய வாட்ச் ஒன்றைக் கொண்டுவந்தார். அது நாணயமான பொருள். அதே வழியில் பின்னால் வந்த மலிவுச் சரக்கில் பலவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. கோடிக்கணக்கில் வந்தன, தேய்ந்தன, குப்பைக்குப் போயின. நல்லது மட்டும் இழுப்பறையில் தங்கியது. அதைப் பார்த்து 'அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாகச் செய்தார்கள்' என்று உருகுகிறோம்.

லென்ஸ்கண்:

வாட்ச் ரிப்பேர் என் தொழில். சேகரிப்பவர்களைவிட, எந்த ஆர்வமும் இல்லாமல் வருகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். வீட்டில் காலமான ஒருவரின் வாட்சைக் கொண்டுவருவார்கள். ஓடினால் நல்லது, ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்பார்கள். நான் பின்மூடியைத் திறந்து, லென்ஸை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். அதற்கப்புறம் லேசில் கிளம்ப மாட்டார்கள்.

அவர்கள் பார்ப்பது இதுதான். சாவி கொடுக்கும்போது மெயின்ஸ்பிரிங் இறுகுகிறது. அது உடனே விரியப் பார்க்கும். தடுக்க ஒன்றும் இல்லையென்றால் சக்கரமெல்லாம் விர்ரென்று சுழன்று நொடியில் தீர்ந்துவிடும். அந்த வேகத்தைப் பல் பல்லாக எண்ணி விடுகிற வேலை எஸ்கேப்மென்டுக்கு. எப்போது விட வேண்டும் என்று சொல்வது பேலன்ஸ் வீல். முடி போன்ற ஹேர்ஸ்பிரிங் அதை இழுத்து இழுத்து ஆட்டுகிறது. அந்தக் காலத்து வாட்ச்களில் பலவும் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது வினாடிக்கு 5. ஒரு வருடம் நிற்காமல் ஓடினால் 15 கோடிக்கு மேல் வருகிறது. இத்தனையும் நம் விரல் கொடுத்த பலத்தில்.

'இதில் பேட்டரி எங்கே?' என்று கேட்காத இளம் வயதுக்காரரே கிடையாது. இல்லை என்றதும் முகம் மாறும். எது எதைத் தள்ளுகிறது என்பதைக் கண்ணாலேயே பின்தொடர முடிகிற கருவி அவர்கள் வாழ்க்கையில் வேறு அதிகம் இல்லை.

இன்னொன்று. பழைய வாட்ச்களில் வினாடி முள் தனியாக, 6 என்ற எண்ணுக்கு மேலே குட்டி வட்டத்தில் ஓடுமே, அதை அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும் சக்கரம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதன் அச்சை நீட்டி முள்ளைச் செருகிவிட்டார்கள், அவ்வளவுதான். வினாடி முள்ளை நடுவுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால்தான் கூடுதல் ஏற்பாடு தேவை.

ஓரத்து இருக்கை:

இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாமலேயே அதைத்தான் ரசித்துக்கொண்டிருந்தேன் போல. பார்க்க இப்படி இருப்பதற்கு உள்ளே ஒரு காரணம் இருக்கும் என்று நம்ப வைக்கிறது அந்த முகம்.

ஆனால் ஒரு கேள்வி: நீங்கள் சொன்னதெல்லாம் இன்று செய்கிற மெக்கானிக்கல் வாட்சுக்கும் பொருந்துமே? பின்பக்கமே கண்ணாடி வைத்து விற்கிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை.

கரும்பலகை:

நல்ல கேள்வி. என் பதில் 1969இல் இருக்கிறது. அந்த வருடம் டிசம்பர் 25 அன்று சீக்கோ 'ஆஸ்ட்ரான்' விற்பனைக்கு வந்தது, முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம், அதாவது பேட்டரியில் ஓடி, ஒரு படிகத்தின் அதிர்வை எண்ணி நேரம் காட்டுவது. குவார்ட்ஸ் வாட்சில் இன்று வழக்கமாக இருக்கும் படிகம் வினாடிக்கு 32,768 தடவை அதிரும். வினாடிக்கு 5 தடவை அடிக்கும் சக்கரம் அதோடு போட்டி போட முடியாது. மலிவான குவார்ட்ஸ்கூட மாதத்துக்குச் சில வினாடிகள்தான் தவறும். நல்ல மெக்கானிக்கல் ஒரு நாளிலேயே அவ்வளவு தவறும். ஸ்விட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலில் 1970 வாக்கில் சுமார் 90,000 பேர் இருந்தார்கள். 1980களின் நடுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம்.

அதற்குப் பிறகு மெக்கானிக்கல் வாட்ச் யாருக்கும் தேவை இல்லை. தேவை இல்லாத பொருளை விற்க வேண்டுமென்றால் ஆசையை விற்க வேண்டும். ஆகவே இன்று வருகிறவை வாட்ச் பிரியர்களுக்காகவே செய்யப்படுகின்றன: கண்ணாடிப் பின்மூடி, உள்ளே செதுக்கிய கோடுகள், கட்டியிருப்பவர் யாரென்று அறிவிக்கும் கனம்.

1955இல் நிலைமை வேறு. ரயிலைப் பிடிக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், வாட்ச் இல்லாமல் முடியாது. வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அதன்மேல் தனிப் பிரியம் எதுவும் இருந்திருக்காது. அதாவது, அந்த வாட்சைச் செய்தவர் மனதில் வைத்திருந்த வாடிக்கையாளர் உங்களைப் போன்றவர்தான். ஆர்வமில்லாதவருக்குச் செய்த பொருள் ஆர்வமில்லாதவருக்குப் பிடிக்கிறது. இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன்.

பல்சக்கரம்:

ஒரு சேகரிப்பாளனாக இது கொஞ்சம் வலிக்கிறது, ஆனால் மறுக்க முடியவில்லை. நிலாவுக்குப் போன ஓமேகா ஸ்பீட்மாஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அதைச் சுற்றி ஒரு வழிபாடே நடக்கிறது. அன்று நாசா சில வாட்ச்களை வரவழைத்து, சூடு, குளிர், அதிர்ச்சி, வெற்றிடம் என்று சித்திரவதை செய்து, தாங்கிய ஒன்றை 1965இல் தேர்ந்தெடுத்தது. அதன்மேல் இருந்தது பிளாஸ்டிக் கண்ணாடி. கீறல் விழும், ஆனால் சில்லுச் சில்லாக உடையாது. விண்கலத்துக்குள் கண்ணாடித் துகள் மிதந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் அந்தக் கண்ணாடியின் மதிப்பு புரியும்.

பழைய வாட்ச்களின் லேசாகக் குமிழ்ந்த கண்ணாடியும் அதே ரகம்தான். கீறலைத் தேய்த்தே போக்கிவிடலாம். ஓரமாகச் சாய்த்துப் பார்த்தால் டயல் கொஞ்சம் வளைந்து தெரியும். எனக்கு அதில் பெரிய மயக்கம் உண்டு.

சும்மா வந்தவன்:

கரும்பலகையின் வாதம் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சோதித்துப் பார்க்க வேண்டாமா? ஆர்வமில்லாதவருக்கென்றே செய்த வாட்ச் இன்றும் இருக்கிறது. கேசியோ எஃப்-91டபிள்யூ, 1989இல் வந்தது. லேசு, சின்னது, பேட்டரி வருடக்கணக்கில் வரும், அலாரம் அடிக்கும், மேலே எந்தப் பந்தாவும் இல்லை. உங்கள் கணக்குப்படி ஓரத்து இருக்கை அதைப் பார்த்ததும் எடுத்துக் காதில் வைத்திருக்க வேண்டும்.

ஓரத்து இருக்கை:

காதில் வைத்ததில்லை! ஆனால் உண்மையைச் சொன்னால், மற்ற புதிய வாட்ச்களைவிட அதன்மேல் எனக்கு மரியாதை அதிகம். எடுத்துக் கையில் வைத்திருக்கத் தோன்றாது, அவ்வளவுதான்.

கரும்பலகை:

அப்படியென்றால் என் பதில் பாதிக் கேள்விக்குத்தான் பதில். பந்தா இல்லாதது மரியாதையைத் தருகிறது. கையில் வைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுவதற்கு வேறு ஏதோ வேண்டும். லென்ஸ்கண் சொன்ன அந்தத் துடிப்பாக இருக்கலாம்.

லென்ஸ்கண்:

துடிப்பு மட்டும் இல்லை. பின்மூடியைத் திறந்தால் உள்பக்கத்தில் பொடிப்பொடியாக ஊசிக் கீறல்கள் இருக்கும். சில எண்கள், ஒரு தேதி, யாருடையதோ முதலெழுத்து. ஒவ்வொரு தடவை சர்வீஸ் செய்தபோதும் ரிப்பேர்காரர் தனக்குப் புரிகிற மாதிரி குறித்து வைத்தது. அதே வாட்ச் திரும்பி வந்தால் எப்போது, என்ன செய்தோம் என்று தெரிய வேண்டுமே. நானும் கீறுவேன், இப்போது பலர் பேனாவால் எழுதுகிறார்கள், நோட்டில் குறிக்கிறார்கள்.

சொந்தக்காரருக்கு இது தெரியவே தெரியாது. வருடக்கணக்கில் கையில் கட்டியிருப்பார், உள்ளே பார்த்திருக்க மாட்டார். ஒரு வாட்சில் நாலு பேருடைய கையெழுத்து இருந்தால், நாலு பேர் அதைப் பிரித்து, கழுவி, எண்ணெய் விட்டு, மறுபடி சேர்த்திருக்கிறார்கள். ஒருவர் வேலையை அடுத்தவர் பார்க்கிறார், சில நேரம் திட்டவும் செய்கிறார். திருகின் தலையைச் சிதைத்தவனை நான் திட்டாமல் விட்டதே இல்லை. ஆளைத் தெரியாது, ஆனால் வேலையை வைத்து அவசரக்காரனா பொறுமைசாலியா என்று சொல்லிவிடலாம்.

இதைக் காட்டியதும் பலர் தங்கள் வீட்டு வாட்சை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். வாட்சில் ஆர்வம் வந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அடுத்த வாட்ச் வாங்க அவர்கள் வருவதில்லை.

வெள்ளி முள்:

இதுவரை பேசியதெல்லாம் ஆண்களின் வாட்ச். முதல் உலகப் போருக்கு முன் கையில் கட்டுவதே பெண்களின் வழக்கம் என்றுதான் இருந்தது, ஆண்களுக்குச் சட்டைப்பைக் கடிகாரம். பதுங்குகுழியில் கிடந்தவர்கள் ஒரு கையில் கடிகாரத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பதால் மணிக்கட்டுக்கு மாறினார்கள். அவற்றில் பலவற்றின் வடிவமே சொல்லும்: சட்டைப்பைக் கடிகாரம் போன்ற உருண்டைக் கூடு, வார் கோக்க இரண்டு பக்கமும் ஒட்டவைத்த கம்பி வளையம்.

சேகரிப்பவர்கள் பலர் பெண்களின் பழைய வாட்ச்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ரொம்பச் சின்னது என்கிறார்கள். ஆனால் உள்ளே பாருங்கள். ஜேகர்-லெகூல்த்ர் 1929இல் கொண்டுவந்த 101 என்ற இயந்திரம் சுமார் ஒரு கிராம் எடைதான். வாட்சே பிடிக்காத என் அக்கா கட்டுவது விரல்நகம் அளவு டயல் உள்ள பழைய வாட்ச். நேரம் ஓடுகிறதா என்றால், சில நாள் ஓடும். வளையல் மாதிரிதான் போட்டுக்கொள்கிறாள். இந்த இழையின் தலைப்புக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. எஸ்கேப்மென்ட், துடிப்பு எதுவும் அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பம் இல்லை.

சும்மா வந்தவன்:

அப்பாடா, ஒரு நேர்மையான பதில். அழகாக இருக்கிறது, போட்டுக்கொள்கிறார்.

என்னுடைய அடுத்த எரிச்சல்: பழைய டயலில் ஒளிரும் பூச்சு காலப்போக்கில் காபிப் பழுப்பாக மாறும் அல்லவா? இப்போது புது வாட்சிலேயே அந்தப் பழுப்பை வண்ணமாகப் பூசி விற்கிறார்கள். நீங்கள் உருகும் 'காலத்தின் தடம்' இப்போது தொழிற்சாலையில் கிடைக்கிறது.

பல்சக்கரம்:

அந்த விஷயத்தில் நான் உங்கள் கட்சி. ஆனால் அசல் பூச்சைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும், இதைப் படித்துவிட்டு யாராவது பழைய வாட்சை நோண்டப் போகிறார்கள். 1960களுக்கு முந்தைய ஒளிரும் டயல்களில் பெரும்பாலும் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள். இருட்டில் இப்போது ஒளிராது, அதனால் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தீர்ந்தது அதோடு கலந்திருந்த துத்தநாக சல்பைடின் ஒளிரும் திறன். ரேடியத்தின் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) சுமார் 1,600 ஆண்டு, அது அப்படியேதான் இருக்கிறது. மூடியிருக்கும் வாட்சைக் கையில் எடுத்துப் பார்ப்பது வேறு. கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டுவது, உதிர்ந்த தூளை ஊதுவது கூடவே கூடாது. அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது. பிறகு வந்த டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12 ஆண்டு சொச்சம், அது பெரும்பாலும் அடங்கிப்போயிருக்கும்.

ஓரத்து இருக்கை:

பயமுறுத்திவிட்டீர்கள். இருந்தாலும் கேட்கிறேன். ஒரே ஒரு வாட்ச், சேகரிப்பு எல்லாம் கிடையாது. எதைப் பார்த்து எடுக்க வேண்டும்?

லென்ஸ்கண்:

ஒளிரும் பூச்சே இல்லாத டயலாக எடுங்கள், அந்தக் கவலை விட்டது.

டயல் புத்தம்புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மறுபடி பெயின்ட் அடித்த டயலில் எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் ஒரே சீராக இருக்காது. லேசாக நிறம் மங்கிய அசல் டயல் அதைவிட மேல். கூட்டின் விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பலமுறை பாலிஷ் போட்டிருந்தால் எல்லா மூலையும் வழவழவென்று தேய்ந்து, பின்பக்க எழுத்தும் மங்கியிருக்கும்.

சாவி கொடுத்துப் பாருங்கள், சீராக இறுக வேண்டும். முழுதாகச் சாவி கொடுத்தால் கெட்டுவிடும் என்பது கட்டுக்கதை. கை தடுக்கும் இடத்தில் நிறுத்தினால் போதும். 'ஓவராகச் சாவி கொடுத்ததால் நின்றுவிட்டது' என்று என்னிடம் வருபவை அநேகமாக எண்ணெய் காய்ந்து பசையாகி நின்றவைதான். அந்த நிலையில் ஓடவிட்டால் அச்சு தேயும். அதனால் வாங்கியதும் முதல் வேலை சர்வீஸ்.

தண்ணீர் பக்கமே போகாதீர்கள். டயலில் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் எப்போதோ செத்திருக்கும். போனுக்கும் ஸ்பீக்கருக்கும் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வாட்ச் தலைதெறிக்க ஓடும். அது நடந்தாலும் பயப்பட வேண்டாம், காந்தத்தை எடுப்பது சின்ன வேலை.

சும்மா வந்தவன்:

தண்ணீர் கூடாது, போன் கூடாது, தினமும் சாவி, சில வருடத்துக்கு ஒரு சர்வீஸ். இவ்வளவையும் கேட்ட பிறகும் வாங்கினால் 'எனக்கு வாட்சில் ஆர்வம் இல்லை' என்று சொல்லும் உரிமையை ஓரத்து இருக்கை இழக்கிறார்.

ஓரத்து இருக்கை:

தினமும் கட்டப்போவதில்லையே. தோன்றுகிற அன்று எடுத்துச் சாவி கொடுப்பேன், அடுத்த நாள் எப்போதாவது நின்றுவிடும். சரியான நேரம் வைக்கக்கூட மாட்டேன் என்று நினைக்கிறேன்.

வெள்ளி முள்:

அக்காவுக்குக் கூட்டாளி கிடைத்துவிட்டார்.

புதுவரவு:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் பழையது ஒன்று இருக்கிறது, டிக் டிக் கேட்காது. பேட்டரி போட்டபோது 'ம்ம்ம்' என்று ஒரே ரீங்காரம், வினாடி முள் குதிக்காமல் வழுக்கிக்கொண்டே போகிறது. ஆனால் நேரம் கன்னாபின்னாவென்று முந்துகிறது. குவார்ட்ஸா, மெக்கானிக்கலா?

லென்ஸ்கண்:

இரண்டும் இல்லை. டயலிலோ கிரௌனிலோ (முள்ளைத் திருப்பும் குமிழ்) இசைக்கவை மாதிரி ஒரு குறி இருந்தால், அநேகமாகப் புலோவாவின் அக்யூட்ரான். 1960இல் வந்தது. உள்ளே ஒரு குட்டி இசைக்கவை வினாடிக்கு 360 தடவை அதிர்கிறது, நீங்கள் கேட்ட ரீங்காரம் அதுதான். ஆரம்பகால மாடல்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தவை, அந்த பேட்டரி இப்போது வருவதில்லை. இப்போதைய 1.55 வோல்ட் பேட்டரியைப் போட்டால் சிலவற்றில் சக்கரம் ஒரு பல்லுக்குப் பதில் இரண்டு பல் தாண்டும், நேரம் முந்தும். பேட்டரியைக் கழற்றி வையுங்கள், உள்ளே கசிந்தால் கம்பிச்சுருள் கெட்டுப்போய்விடும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். உள்ளே இருக்கும் சக்கரத்தின் பல் கண்ணுக்கே தெரியாத அளவு பொடி, பழக்கமில்லாதவர் கை வைத்தால் அதோடு சரி.